மூன்றாவது சரணம்

டிசம்பர் 1, திங்கட்கிழமை

அச்சகத்திலிருந்து திருச்சபையின் மாதச் செய்தி மடல் வந்து சேர்ந்தது. முதற்பக்கத்தில், கட்டம் கட்டி, 'கிறிஸ்துமஸ் ஆராதனை: டிசம்பர் 25, புதன்கிழமை' என்று அச்சாகியிருக்கிறது. நான் பிழை திருத்திக் கொடுத்த தாளில் வியாழக்கிழமை என்று தெளிவாக எழுதியிருந்தேன். அச்சகக்காரரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டதற்கு, "ஐயா, இருபத்தஞ்சுன்னா எல்லாருக்கும் தெரியும். கிழமையைப் பார்த்தா வரப்போறாங்க?" என்றார். அஞ்சலகத்தில் முப்பது வருடம் தேதி முத்திரை குத்தியவனிடம் சொல்லக்கூடிய பதிலா இது?

எல்லாப் பிரதிகளையும் மேசையில் அடுக்கி, கறுப்பு மையால் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். எதிரே உட்கார்ந்து பாடகர் குழு அங்கிகளுக்குக் காகிதத்தில் அளவு வெட்டிக்கொண்டிருந்த தங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இயேசுவே தேதி சொல்லிட்டுப் பொறக்கல அண்ணா. நீ ஏன் இந்தப் பாடு படுற?"

அடுத்த பிரதியை எடுத்தேன். கணவர் காலமான பின் என்னுடன் வந்து தங்கியவள். பதினோரு வருடமாகியும் காலண்டரில் தாள் கிழிக்கும் பழக்கம் அவளுக்கு வரவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்க்கிழமை

இம்மாதம் முழுவதும் பராமரிப்புப் பணிக்காக எங்கள் பகுதியில் மதிய வேளைகளில் மின்தடை இருக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். எந்தெந்த நாள் என்று அறிவிக்கவில்லை. அறிவிப்பு என்ற சொல்லுக்கே அவமானம்.

ஆகவே ஆலயத்து ஜெனரேட்டர் தினமும் ஓடவேண்டியிருக்கும். அது இதுவரை பலிபீடத்துக்குப் பின்புறச் சுவரை ஒட்டி நின்றது. கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் மாலை நான்கு மணிக்கு நடக்கும் மௌன ஜெபத்தில், லாரி ஒன்று நடுவே வந்து நிற்பது போலிருக்கும். சென்ற வாரம் கமிட்டிக்கு விரிவாக ஒரு விண்ணப்பம் எழுதினேன். மாற்று இடத்தையும் நானே குறிப்பிட்டிருந்தேன்: பாடகர் அறைக்கும் மதில் சுவருக்கும் இடையிலுள்ள குறுகிய சந்து. இன்று காலை காவல்காரரும் வேறு இருவரும் அதைத் தள்ளிக்கொண்டு போய் அங்கே நிறுத்தினார்கள். மழை படாமலிருக்க மேலே தகரம் போட்டாயிற்று. நான் எழுதிய விண்ணப்பங்களில் ஒரே வாரத்தில் நிறைவேறியது இது ஒன்றுதான்.

பாடகர் குழுத் தலைவர் மறுப்புச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு 'மெட்டு' என்று பெயர். அதாவது, அவர் இல்லாதபோது. மெட்டுக்கு ஒரே மகிழ்ச்சி. "நல்லதாப் போச்சு ஐயா. அந்தச் சத்தத்துல இனிமே வெளிய ஒருத்தர் காதுலயும் பாட்டு விழாது."

இதைப் பின்னாளில் படிக்கும் எனக்காகவே விளக்கி வைக்கிறேன். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் மெட்டு ஒரு புதிய பாட்டு அமைப்பார். பண்டிகைக் காலை வரை அது சபையில் ஒருவர் காதிலும் விழக்கூடாது. ஒரு காலத்தில் மாலை ஆராதனைக் குழுவினர் எங்கள் மெட்டை எப்படியோ கேட்டு, ஒரு வாரம் முன்னதாகவே பாடிவிட்டார்களாம். அன்றிலிருந்து ஒத்திகையின்போது பாடகர் அறையின் ஜன்னல்களை எல்லாம் சாத்திவிடுவார்கள். மேலே காற்று வரும் துளையில் பழைய அங்கித் துணியைத் திணித்திருக்கிறார்கள். கதவுக்கடியில் ஒரு கம்பளித் துண்டு. யாராவது கதவைத் தட்டினால் உள்ளே பேச்சு மூச்சு இருக்காது. தட்டியவர் திரும்பிப் போகும் காலடி கேட்ட பிறகுதான் மறுபடி தொடங்குவார்கள். போதகர் தட்டினாலும் இதே மரியாதைதான்.

டிசம்பர் 3, புதன்கிழமை

மௌன ஜெபம் முதன்முறையாக மௌனமாக நடந்தது. ஸ்தோத்திரம்.

டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை

தங்கை இரண்டு நாளாக எதையோ மறைக்கிறாள். அடுப்பங்கரையில் உதடுகள் மட்டும் அசைகின்றன. இன்று காலை விடாமல் கேட்டதில் சொல்லிவிட்டாள். புதிய பாட்டின் மூன்றாவது சரணத்தை அவள் தனியாகப் பாடப்போகிறாள். நாற்பது வருடம் பின்வரிசையில் நின்றவள். தனிக்குரல் கேட்கும் துணிவு அவளுக்கும் இருந்ததில்லை, கொடுக்கும் எண்ணம் எவருக்கும் இருந்ததில்லை. அறுபத்து நான்காம் வயதில் மெட்டு அவளைக் கைகாட்டியிருக்கிறார்.

"என்ன சரணம்? ஒரு வரி சொல்லேன்."

"ஆசையப் பாரு. நீ மடல் போடுற ஆளு. உன்கிட்ட சொன்னா ஊருக்கே மைக் வெச்சுச் சொன்ன மாதிரி."

"நான் அண்ணன்."

"அண்ணன்னா இருபத்தஞ்சாம் தேதி முன்வரிசையில வந்து உக்காரு. வியாழக்கிழமை. கிழமை சரிதானே?"

அங்கிகளின் நிறமும் இவ்வருடம் ரகசியமாம். ஆகவே தையல் இயந்திரத்தைப் பாடகர் அறைக்கே எடுத்துப் போய்விட்டாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் போகிறாள். தைத்துவிட்டு, அப்படியே ஒத்திகையும் முடித்துவிட்டு, இருட்டுவதற்குள் வருகிறாள். இயந்திரம் மின்சாரத்தில் ஓடுவது. மின்தடை வந்தால் என்ன, பக்கத்திலேயே ஜெனரேட்டர் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னாள்.

டிசம்பர் 8, திங்கட்கிழமை

தங்கை தலைவலியோடு வந்தாள். கண்ணாடியை மாற்றி இரண்டு வருடமாகிறது, அதுதான் காரணம். அவள் சேலையில் பெட்ரோல் வாடை வீசியது. சொன்னேன். "ஜெனரேட்டர் பக்கத்துல உக்காந்தா பின்ன சந்தனமா மணக்கும்?" என்றாள். சேலையை உடனே நனைத்து வைக்கச் சொன்னேன்.

டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை

ஒத்திகையின்போது மருந்துக்கடைக்காரரின் மகள் மயங்கி விழுந்திருக்கிறாள். முதல்வரிசையில் நிற்கும் பெண், நல்ல குரல். முதல் சரணம் முடிவதற்குள் கண்கள் செருகி, அப்படியே சரிந்தாளாம். வெளியே தூக்கி வந்து தண்ணீர் தெளித்ததும் சரியாகிவிட்டது. மெட்டு மண்டபத்துக்கு வந்து கண் கலங்கச் சொன்னார்: "இத்தனை வருஷத்துல என் பாட்டுக்கு இப்படி ஒண்ணு நடந்ததில்ல போதகரே. அந்தப் பொண்ணு பாட்டுக்குள்ள போயிட்டா."

போதகர் கைகூப்பினார். "ஆவியானவர் அசைவாடுற இடத்துல இதெல்லாம் நடக்கும்." பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, இதை ஜனவரி மடல்ல சாட்சியாப் போட்டுடுங்க" என்றார்.

எழுதி வைத்திருக்கிறேன். 'பரவசத்தில் மயங்கினார்' என்பதா, 'பரவசமடைந்து மயங்கினார்' என்பதா என்பதில் வெகுநேரம் போயிற்று. முதலாவதையே வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 11, வியாழக்கிழமை

தங்கை ஓர் அங்கியின் வெள்ளை உள்துணியில் கையை உள்வெளியாக வைத்துத் தைத்துவிட்டாள். அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துக்கொண்டிருந்தாள். பிரித்துவிட்டு, மறுபடியும் அதே தப்பான பக்கத்தை ஊசியால் கோத்தாள். நான் சுட்டிக் காட்டியதும் துணியை வெறித்துப் பார்த்தாள். இருபது வயதிலிருந்து தைப்பவள்.

தலைவலி இன்றும். முகம் சிவந்திருந்தது.

எழுதத் தயக்கமாக இருக்கிறது. எங்கள் அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டார்கள். எல்லோரும் சிரித்தோம்.

டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை

திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. பிரசங்கத்தில் மருந்துக்கடைக்காரர் மகளின் மயக்கம் இடம்பெற்றது. ஆராதனை முடிந்து வாசலில் நின்ற பெண்கள் பாடகர் குழுவினரைச் சுற்றிக்கொண்டார்கள். 'முகமெல்லாம் ஒரு களையா இருக்கே', 'எப்படி ஜொலிக்கிறீங்க' என்று ஒரே புகழ்ச்சி. மெட்டு தரையில் கால் பாவாமல் நடந்தார்.

தங்கை இன்று தெளிவாக இருந்தாள். காணிக்கைப் பாட்டை நான் சுருதி விலகிப் பாடியதை வழி நெடுகச் சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தாள். நான் வீணாகக் கவலைப்பட்டேனோ?

டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை

வீணாக இல்லை. மாலையில் வந்தவள் செருப்பைக் கழற்றாமல் கூடத்தின் நடுவே நின்றுகொண்டிருந்தாள். எதற்காக நிற்கிறாய் என்றேன். "பால் வாங்கிட்டேனா?" என்றாள். பால் பொட்டலம் கையிலேயே இருந்தது.

இன்று என்ன கிழமை என்று கேட்டேன். புதன் என்றாள். சற்றுப் பொறுத்து, வேறு பேச்சுக்கு நடுவில் மறுபடியும் கேட்டேன். திங்கள் என்றாள். உடனே அவளுக்கே விளங்கிவிட்டது.

"என்னைப் பரீட்சை பண்றியா நீ?"

"இல்லை."

"அம்மாவைப் பண்ணின மாதிரியே பண்ற. கடைசியில அவங்க உன்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது.

டிசம்பர் 17, புதன்கிழமை

காலையில் வற்புறுத்தி மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இளைஞர். ரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். காலை நேரமாதலால் தங்கை மணி மணியாகப் பதில் சொன்னாள். நாள், கிழமை, தன் வயது எல்லாம் சரி. நான் பொய் சொல்லிக் கூட்டி வந்தவன் போல் உட்கார்ந்திருந்தேன். "வயசு, அலைச்சல், சரியா சாப்பிடாதது. கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கம்மா" என்று ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

சாப்பிட்டு முடித்ததும், ஓய்வு எடுக்கச் சொன்னவர் அங்கிகளையும் தைத்துத் தருவாரா என்று கேட்டுவிட்டு, பாடகர் அறைக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 19, வெள்ளிக்கிழமை

இன்று அதிசயமாக மின்சாரம் நிற்கவே இல்லை. தங்கை விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சிரித்துக்கொண்டே வந்தாள். தலைவலி இல்லை. ஒரு தவறு இல்லாமல் இரண்டு அங்கிகளை முடித்தாளாம். கீழ்க்குரல் பாடும் கனத்த சாரீரக்காரர் ஒருவர் தன் அங்கிக்குள் மாட்டிக்கொண்டு வெளிவர முடியாமல் நடனமாடியதை நடித்துக் காட்டினாள். நானும் சிரித்தேன். இந்த மாதத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தது இன்றுதான்.

எதனால் இப்படி ஒரு நாள் நன்றாகவும் ஒரு நாள் மோசமாகவும் இருக்கிறது என்று விளங்கவில்லை. ஒருவேளை மாத்திரை வேலை செய்கிறதோ.

டிசம்பர் 20, சனிக்கிழமை

பதினொரு மணிக்கே மின்சாரம் போயிற்று. மாலை வரை வரவில்லை. தங்கை வாசற்படியிலேயே வாந்தி எடுத்தாள். கனத்த சாரீரக்காரரும் வாந்தியோடு பாதியில் வீட்டுக்குப் போனாராம். மெட்டு அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறார்: ஒத்திகைக்கு வாங்கிய பன். நான் நேரே அந்தக் கடைக்குப் போய், எந்தத் தேதியில் சுட்ட பன் என்று கேட்டேன். கடைக்காரர் அடுப்பிலிருந்து எடுத்த சூடான பன்னை என் கையில் வைத்து, "தேதி போதுமா சார், நேரமும் வேணுமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் இனி ஒத்திகைக்குப் போக வேண்டாம் என்றேன். பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பினாள்.

"நாற்பது வருஷம் பின்னாடி நின்னேன் அண்ணா. முன்னாடி நின்னவங்களோட முதுகுல இருக்கிற தையல் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரே ஒரு சரணம். இன்னும் மூணு நாள்தான்."

"ஐந்து நாள்" என்றேன்.

இதைத்தான் சொன்னேன். வேறு எவ்வளவோ சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை

நன்றாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதும் நன்றாக இருக்கிறாள். ஆராதனையின் பலன் என்கிறார் போதகர். தையலும் ஒத்திகையும் அன்று கிடையாது என்பது என் கணிப்பு. அலைச்சல்தான் அவளைக் கொல்கிறது. பண்டிகை முடியட்டும்.

டிசம்பர் 22, திங்கட்கிழமை

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து எழுதுகிறேன். எழுதிவிட வேண்டும், வரிசையாக, ஒன்று விடாமல்.

காலையிலேயே மின்சாரம் இல்லை. தங்கை சாப்பிட்டதும் போய்விட்டாள். ஆராதனை ஒழுங்குத் தாள் நாளை அச்சுக்குப் போகவேண்டும்; புதுப் பாட்டின் வரிகள் மட்டும் பாக்கி. வாங்கி வரலாமென்று மௌன ஜெபத்துக்கு முன்னதாகவே ஆலயத்துக்குப் போனேன். வராந்தா திரும்பும் இடத்தில் நின்றுவிட்டேன். ஜெனரேட்டர் இரைச்சலுக்கு அடியில் அவள் குரல். மூன்றாவது சரணமாகத்தான் இருக்கவேண்டும். வார்த்தை பிடிபடவில்லை. மேலே ஏறிப் போகிறது; ஏறும் இடத்தில் நின்றுவிட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அதே இடம். மறுபடியும் நின்றது.

போய்க் கதவைத் தட்டினேன். அமைதி.

சரி, வழக்கம்தானே. என்னைக் கண்டு மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். எனக்குக் கோபம் கூட வந்தது. அவர்கள் எதிர்பார்க்கிறபடியே செருப்புச் சத்தம் கேட்க நடந்து, மடல் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். தாளில் தலைப்பு எழுதினேன். தேதி எழுதினேன். கிழமை எழுதினேன். கோடு போட்டேன். கோட்டை அழித்து நேராகப் போட்டேன். கோடு போட்டேன், ஐயோ, உக்காந்து கோடு போட்டேன் நான்.

போனவன் காலடி கேட்டதும் பாட வேண்டாமா? பாடலையே. ஏன் பாடலை?

செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போனேன். கதவில் காதை வைத்தேன். ஜெனரேட்டர் மட்டும் ஓடுகிறது. ஒரு இருமல் இல்லை. நான்கு பாடகர்கள் ஓர் அறையில் இருமாமல் இருந்து நான் கண்டதில்லை. "பாப்பா" என்று கூப்பிட்டேன். சின்ன வயதில் கூப்பிட்டது. "பாப்பா, நான்தான். பாட்டைக் கேக்க வரலைம்மா. கதவைத் தொற."

காவல்காரர் ஓடி வந்தார். இரண்டு உதையில் தாழ்ப்பாள் தெறித்தது. உள்ளே நீலமாகப் புகை, கண் எரிந்தது. பின்வரிசைப் பெண்கள் இருவர் நாற்காலியில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, பயணத்தில் தூங்குகிறவர்கள் மாதிரி. மெட்டு கீபோர்டுக்குக் கீழே, ஒரு கை மேலே கட்டைகளைப் பார்த்து நீட்டியபடி. அவள் தையல் இயந்திரத்தின் மேல் முகத்தை வைத்து. சந்தைப் பார்த்த அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில். புகைக்குழாய்க்கு நேர் எதிரே. சிவப்பு அங்கி. இவ்வருட நிறம் சிவப்பு.

காவல்காரர் முக்காலியால் கண்ணாடிகளை உடைத்தார். "இழுங்கய்யா, கையைப் புடிச்சு இழுங்க!" இழுத்தேன். அவ்வளவு லேசாக இருந்தாள்.

டிசம்பர் 23, செவ்வாய்க்கிழமை

மருத்துவர் ஒரு பெண்மணி. நிற்க வைத்தே விளக்கினார். ஜெனரேட்டர் புகையில் ஒரு விஷ வாயு இருக்கிறது. புகை வாடை தெரியும், அது மட்டும் தெரியாது. அடைத்த அறையில் சேர்ந்துகொண்டே இருக்கும். தலைவலி, வாந்தி, குழப்பம், சிவந்த முகம், மயக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். என் நாட்குறிப்பைப் பார்த்து வாசிக்கிறாரோ என்றிருந்தது.

"அதை யாரு அந்தச் சந்துல வெச்சது?"

"கமிட்டி முடிவு டாக்டர்" என்றார் போதகர், தரையைப் பார்த்தபடி.

"நான் எழுதிக் கொடுத்தேன்" என்றேன். "சத்தமாக இருக்கிறது என்று."

மருத்துவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு, மூச்சுக்குக் குழாய் வைத்திருப்பதால் நோயாளியிடம் பேச முயல வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்வரிசைப் பெண்கள் இருவரும் மாலையில் வீடு திரும்பினார்கள். மெட்டுக்கு நினைவு வந்துவிட்டது. என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, கதவை உடைச்சப்போ பாட்டு யாருக்காவது கேட்டுச்சா?" கேட்டுவிட்டு, தான் கேட்டது தன் காதிலேயே விழுந்து, போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

தங்கை மதியத்திலிருந்து அங்கே இருந்தவள். அவள் இன்னும் கண் திறக்கவில்லை.

டிசம்பர் 25, வியாழக்கிழமை

ஆலயத்தில் இவ்வருடம் புதுப் பாட்டு இல்லை. வியாழக்கிழமைதான். கிழமை சரியாக இருக்கிறது.

டிசம்பர் 26, வெள்ளிக்கிழமை

கண் திறந்தாள். என்னைப் பார்த்து, "சவரம் பண்ணலையா அண்ணா?" என்றாள். நான் வராந்தாவுக்கு வந்து நெடுநேரம் நின்றேன்.

ஜனவரி 3, சனிக்கிழமை

வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். நடக்கிறாள், சாப்பிடுகிறாள், என்னைத் திட்டுகிறாள். பாட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போதகர் வந்து ஜெபித்துவிட்டு, "பெரிய சாட்சி ஐயா இது, மடலுக்கு ஒரு பக்கம் எழுதுங்க" என்றார். இனி எழுத மாட்டேன் என்று சொன்னேன். மருந்துக்கடைக்காரர் மகளைப் பற்றிய பத்தியையும் அச்சகத்திலிருந்து திரும்ப வாங்கிவிட்டேன் என்றேன். போகும்போது ஜன்னல்கள் எல்லாம் திறந்திருப்பதைப் பார்த்தார். மழைச்சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

ஜனவரி 12, திங்கட்கிழமை

காலையில் தங்கை பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, நாளைக்குத்தானே கிறிஸ்துமஸ்?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் விளையாடவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்க்கிழமை

மறுபடியும் ஆஸ்பத்திரி. அதே மருத்துவர். சிலருக்கு இப்படி நேருமாம்: தேறி எழுந்து, சில வாரம் நன்றாக இருந்து, பிறகு மூளை தடுமாறுவது. மீள்வார்களா என்றேன். "சிலர் மீண்டிருக்காங்க. காத்திருந்துதான் பார்க்கணும்" என்றார். எவ்வளவு காலம் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

ஜனவரி 19, திங்கட்கிழமை

தினமும் காலையில் அதே கேள்வி. தினமும் உண்மையைச் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டது என்கிறேன். காலண்டரைக் காட்டுகிறேன். "அப்போ என் சரணம்?" என்கிறாள். பாடவில்லை என்கிறேன். அழுகிறாள். சின்னப் பெண் போல அல்ல; நாற்பது வருடம் காத்திருந்த ஒருத்தி எப்படி அழுவாளோ அப்படி. மாலைக்குள் மறந்துவிடுகிறாள். மறுநாள் விடிந்ததும் அவளுக்கு இது மறுபடியும் புதுச் செய்தி.

நான் அவளிடம் உண்மையைத்தான் சொல்லவேண்டும். தேதியில் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

ஜனவரி 23, வெள்ளிக்கிழமை

மெட்டு வந்தார். அவளுடைய சிவப்பு அங்கியைத் துவைத்து, இஸ்திரி போட்டு எடுத்து வந்திருந்தார். காலர் ஓரம் இன்னும் தைத்து முடியவில்லை. அவள் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "நாளைக்குக் காலையில சீக்கிரம் வந்துடுங்க, கடைசியா ஒரு தடவை பார்த்துடலாம்" என்றாள். மெட்டு என்னைப் பார்த்தார். நான் எங்கும் பார்க்கவில்லை.

வாசலில் மெல்லச் சொன்னார்: "இனிமே ஜன்னலைச் சாத்திப் பாட வைக்க மாட்டேன் ஐயா." "சரி" என்றேன்.

ஜனவரி 28, புதன்கிழமை

இன்று காலை காலண்டரைக் காட்டியபோது அவள் நம்பவில்லை. "காலண்டரை யாராவது தப்பாக் கிழிச்சிருப்பாங்க" என்றாள். நேரே என் மேசைக்கு வந்தாள். இந்த நோட்டைத் திறந்து, கடைசிப் பக்கத்தின் தலைப்பில் நான் எழுதியிருந்த தேதியை விரல் வைத்துப் படித்தாள். ஜனவரி 23, வெள்ளிக்கிழமை. கீழே இருந்ததைப் படிக்கவில்லை.

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றாள். பிறகு வழக்கம்போல அழுதாள். நான் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று என்னிடம் இதுவரை எவரும் சொன்னதில்லை.

டிசம்பர் 24, புதன்கிழமை

நாளை கிறிஸ்துமஸ்.

ஜனவரிக் காலண்டரை நேற்றிரவே சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். காலையில் வந்து கேட்டாள். எதுவும் சொல்லாமல் நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். தலைப்பை விரல் வைத்துப் படித்தாள். முகம் மலர்ந்தது. "நல்லவேளை, இன்னும் ஒரு நாள் இருக்கு" என்று சொல்லி, காலர் ஓரத்தைத் தைக்க உட்கார்ந்துவிட்டாள். நேராகத் தைக்கிறாள். பார்த்தேன்.

இப்போது அங்கியைப் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவே நிற்கிறாள். மூன்றாவது சரணம் முழுவதையும் இன்றுதான் கேட்டேன். சத்திரத்து வாசலில் நின்று தாயானவள் பாடுவது: உள்ளே இடமில்லை என்றால் போகட்டும், குழந்தை அழும் சத்தமாவது உங்களுக்குக் கேட்கட்டும் என்று. ஏறும் இடத்தில் நிற்காமல் ஏறிவிட்டாள். ஒரு சொல் விட்டுப்போகவில்லை.

"அண்ணா, ஜன்னலைச் சாத்து. நாளைக்கு முன்னாடி யாருக்கும் கேக்கக் கூடாது."

சாத்தவில்லை. எல்லாவற்றையும் இன்னும் அகலமாகத் திறந்து வைத்தேன். காய்கறி வாங்கிப் போகிற ஒரு பெண் தெருவில் நின்று, தலையை உயர்த்திக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்டுவிட்டுப் போகட்டும்.